ஒன்றரை ஏக்கர் ஷீட்டு

"புகை மேலதான் அண்ணி போவும். உங்க புழு வூட்டுக்கு எதுக்கு வரப்போவுது?"

"தை மாசமும் இதையேதான் சொன்ன."

"தை மாசம் காத்து திரும்பிடுச்சு. காத்துக்கு நானா ஆள் அனுப்புனேன்?"

முனிராஜ் தக்காளிச் செடிகளைப் பிடுங்கிப் பாத்தி மேலேயே போட்டுக்கொண்டிருந்தான். பாலக்கோட்டுச் சந்தையில் விலை விழுந்து, வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாமல் போனதால் பழத்தைப் பறிக்காமலே விட்ட காடு. பழங்கள் செடியிலேயே வெடித்து, காடு முழுக்கப் புளித்த வாடை. செடிகளுக்கு அடியில் பாத்தி பாத்தியாக மல்ச்சிங் ஷீட்டு கிடந்தது. மேல்பக்கம் வெள்ளி, அடிப்பக்கம் கறுப்பு. களை முளைக்காமல், ஈரம் காயாமல் இருக்க நடவின்போது விரிக்கிற பிளாஸ்டிக் அது. விரிக்கும்போது நாலு ஆள் வரும். எடுக்கும்போது ஒருத்தரும் வர மாட்டார்கள். அதனால் ஊரில் எல்லாரும் செய்வது ஒன்றுதான். காய்ந்த செடியை அதன் மேலேயே பரப்பி, கிடந்த இடத்தில் நெருப்பு வைத்துவிடுவது. இரண்டு நாள் கறுப்பாகப் புகையும். மூன்றாம் நாள் ஏர் ஓடும்.

மணிமேகலை தலையில் மல்பெரித் தழைக் கட்டோடு வரப்பில் நின்றாள். அவள் பட்டுப்புழு வளர்க்கிற புழு வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். கட்டை இறக்கி வைக்கவில்லை. இறக்கினால் தூக்கிவிட ஆள் வேண்டும். முனிராஜைத் தூக்கிவிடச் சொல்ல அவளுக்கு மனமில்லை.

"நாலாந்தோல் உரிச்சு ரெண்டு நாளாவுது முனிராசு. இன்னும் ஏழு நாளு. புழு பழுத்துக் கூடு கட்ட ஏறிட்டா அப்புறம் நீ காட்டையே கொளுத்து, நான் ஏன்னு கேக்கல."

"வெள்ளிக்கெழம டிராக்டர் வருது. இது கெடந்தா ரோட்டவேட்டர்ல சுத்திக்கும். இப்ப வுட்டா அவன் மறுபடி வைகாசிலதான் வருவான். கோடை மழைக்கு முன்ன ஓட்டி வைக்கணுமா வேணாமா?"

"ஓட்டு. ஷீட்ட எடுத்துட்டு ஓட்டு."

"யாரு எடுக்கறது? ஆளக் கூப்புட்டா மூஞ்சியப் பாக்கறாங்க. இந்த வெயில்ல அந்த வெள்ளி மேல நின்னா கண்ணு அவிஞ்சிடும்."

"நான் எடுக்கறேன்."

முனிராஜ் சிரித்துவிட்டான். "ஒன்றரை ஏக்கரு அண்ணி."

"தெரியும். காலையில தீனி போட்டதுக்கும் மத்தியானத் தீனிக்கும் நடுவுல எனக்கு மூணு மணி நேரம் சும்மா கெடக்குது. இன்னைக்கு திங்கக்கெழம. வியாழக்கெழம பொழுதுக்குள்ள முடிச்சுத் தர்றேன். அதுவரைக்கும் நெருப்பு வைக்காத."

"சும்மா கெடக்குதாம் மூணு மணி நேரம். அண்ணன் ஒத்துக்குமா?"

"உங்க அண்ணன் ஒத்துக்கறது என் பாடு. நீ ஒத்துக்கறியா?"

அவன் கையிலிருந்த செடியை வரப்போரமாக எறிந்தான். அதை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அவள் புருஷன் தீர்த்தகிரி அப்போது புழு வீட்டு ஜன்னல்களுக்குச் சாக்கு கட்டிக்கொண்டிருந்தான். பங்குனி முடியவில்லை, அதற்குள் சித்திரை வெயில் அடித்தது. புழுவுக்குச் சூடு ஆகாது. கூலர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். கரண்டு போனால் அது வெறும் பெட்டி. ஈரச்சாக்குக்குக் கரண்டு வேண்டாம், இரண்டு மணிக்கொரு தரம் தண்ணீர் தெளிக்க ஆள்தான் வேண்டும். அந்த ஆள் தீர்த்தகிரி.

வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தட்டில் காலை நனைத்து மணிமேகலை உள்ளே போனாள். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று தட்டு, மொத்தம் ஆறு தட்டுகளிலும் சுட்டுவிரல் பருமனுக்குப் புழு. அந்த வீட்டுக்குள் பவுடர் பூசிக்கொண்டு வரக்கூடாது, பூ வைத்துக்கொண்டு வரக்கூடாது, பீடி குடித்தவன் வாசலிலேயே நிற்க வேண்டும். புழு வைத்த நாளிலிருந்து அவள் சோப்புக்கூடப் போடுவதில்லை.

"அவன் காட்டுல நீ கூலிக்குப் போறியா?" என்றான் தீர்த்தகிரி. செய்தி அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"கூலியில்ல. சும்மாவே போறேன்."

"அது அதவுடக் கேவலம்."

"புகை வந்தா கேவலம் இல்லியா?"

"தை மாசம் அவன் வச்ச புகையில ஒரு பயிரு போச்சு. புழு தீனி எடுக்காம, கூடு காகிதம் மாதிரி கட்டுச்சு. தர்மபுரி மார்க்கெட்டுல ஏலம் எடுக்கறவன் கையில எடுத்து அமுக்கிப் பாத்துட்டு என் மூஞ்சியப் பாத்தான். அந்தப் பார்வை உனக்குத் தெரியாது, நீ வரல. அன்னைக்கிலேர்ந்து அவன் காட்டுல கால் வைக்கக் கூடாதுன்னு இருக்கறேன். நீ போயி அவனுக்குக் குப்பை வாரறேங்கற."

"நீங்க கால் வைக்காததால புகை நின்னு போச்சா?"

அவன் கயிற்றை இழுத்துக் கட்டினான். "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. இந்தப் பயிரும் போச்சுன்னா செடியப் புடுங்கிப் போட்டுட்டு நான் ஓசூருக்குக் கெளம்பறேன். உன் தம்பி கம்பெனி வாட்ச்மேன் வேலை இருக்குதுன்னு மூணு வாட்டி போன் பண்ணிட்டான். சட்டை குடுக்கறாங்க, தொப்பி குடுக்கறாங்க, ஃபேனு போட்ட ரூமு குடுக்கறாங்க."

"என்னைய?"

"நீ இங்க இரு. குப்பை வாரு."

அவள் தழையைத் தட்டுகளில் பரப்பினாள். புழுக்கள் தின்றுகொண்டிருந்தன.

ஷீட்டு எடுப்பது இழுத்துப் போடுகிற வேலை என்று நினைத்துத்தான் போனாள். இழுத்தால் கிழிந்தது. ஓரம் இரண்டும் மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. முதலில் சொட்டுநீர்க் குழாயை உருவிச் சுற்றி வைக்க வேண்டும். பிறகு மண்வெட்டியால் ஓர மண்ணை ஒதுக்கி, குனிந்தவாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, மண்ணை உதறி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிக்கொண்டு போக வேண்டும். அழுகின தக்காளி காலில் நசுங்கியது. வெள்ளிப் பரப்பில் பட்ட வெயில் திரும்பி முகத்தில் அடித்தது. ஒரு பாத்தி முடித்து நிமிர்ந்தபோது இடுப்பு தன்னுடையதுதானா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டாம் பாத்தியில் முனிராஜின் மனைவி மாதம்மா மண்வெட்டியோடு வந்து சேர்ந்தாள்.

"உன்ன யாரு வரச் சொன்னது?"

"என் காட்டுக்கு நான் வர்றதுக்கு உன்னைக் கேக்கணுமா அக்கா? வூட்ல ஒக்காந்துக்கினு ஜன்னல் வழியா உன் முதுகையே எவ்ளோ நேரம் பாக்கறது? பாவம் புடிக்கும்."

"புருஷன் திட்டலியா?"

"திட்டுச்சு. தக்காளி வெல போனதுலேர்ந்து அது எல்லாத்தையும் திட்டுது. நேத்து மிக்சியத் திட்டுச்சு."

மத்தியானம் மாதம்மா களியும் தக்காளிக் கடைசலும் கொண்டுவந்தாள். "இந்தக் காட்டுத் தக்காளிதான். பதினஞ்சு நாளா மூணு வேளையும் இதான். தின்னே தீத்துடலாம்னு பாக்கறோம், தீர மாட்டேங்குது" என்றாள். மணிமேகலை வாங்கவில்லை. "குளிச்சுட்டுதான் எதையும் தொடணும். மருந்துக் காடு."

"புழுவுக்குன்னா குளிப்ப. எனக்குன்னா கையக் கழுவிட்டாவது தின்னு."

சுருட்டி அடுக்கியதை எடுத்துக்கொள்ள யாராவது வேண்டுமே என்று மாதம்மாதான் பழைய பிளாஸ்டிக் எடுக்கிற அக்பர் அலிக்குப் போன் போட்டாள். பாலக்கோட்டில் கடை வைத்திருக்கிற பெரியவர். ஸ்பீக்கரில் அவர் குரல் காடு முழுக்கக் கேட்டது.

"மல்ச்சிங் ஷீட்டா? வேண்டாம்மா. மண்ணுதான் பாதி இருக்கும். போன வருஷம் ஒருத்தர் குடுத்தாரு, உதறிப் பாத்தா ஒரு பாத்தி கட்டலாம், அவ்ளோ மண்ணு."

"உதறித்தான் சுருட்டியிருக்கறோம் பாய்."

"செடி, வேரு?"

"இல்ல."

"தண்ணி?"

"காய வச்சுருக்கறோம். வெயில் இலவசமா அடிக்குது பாய்."

அவர் சிரித்தார். "கிழியாம, காஞ்சு, சுருட்டியிருந்தா வண்டி அனுப்பறேன். கிழிச்சு உருண்டையாக் கட்டி வச்சா திரும்பிப் போயிடுவேன், கோச்சுக்கக் கூடாது. மிஷின்ல ஓடாது."

செவ்வாய்க்கிழமை மாலைக்குள் பாதிக் காடு ஆனது. ஒவ்வொரு தடவையும் மணிமேகலை தொட்டியில் தலைக்கு ஊற்றி, வேறு புடவை மாற்றி, அதற்குப் பிறகே தழையைத் தொட்டாள். ஒரு நாளைக்கு மூன்று குளியல், மூன்று தீனி. நடுவில் மாட்டுக்குத் தண்ணீர், வீட்டுக்குச் சமையல். உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

புதன்கிழமைதான் அந்தத் தவறு நடந்தது.

அன்று விடியற்காலையில் அறுத்த தழை பத்து மணிக்கே வாட ஆரம்பித்தது. அறுத்த தழையைக் கட்டாக நிறுத்தி ஈரச்சாக்கு போட்டு மூடி வைப்பதுதான் வழக்கம். சாக்கெல்லாம் ஜன்னலுக்குப் போய்விட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. அது நான்கு கட்டுக்குத்தான் எட்டியது. இரண்டு கட்டு வெளியே நின்று தொங்கிப்போனது.

மணிமேகலை எதையும் தூக்கிப் போடாதவள். அரிசிப் பை கால்மிதியாகும், கிழிந்த வேட்டி தழைக் கட்டு கட்டுகிற கயிறாகும், புழு தின்று மிச்சம் வைத்த குச்சி அடுப்புக்குப் போகும். இரண்டு நாளாக அந்த ஷீட்டைச் சுருட்டிச் சுருட்டி, இவ்வளவு நல்ல பிளாஸ்டிக்கா நெருப்புக்குப் போக இருந்தது என்று அவளுக்கு ஆறவேயில்லை. ஓட்டை விழாத துண்டாக நான்கு முழம் வெட்டியெடுத்து வந்தாள். தொட்டித் தண்ணீரில் இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவினாள். ஈரத்தோடு அந்த இரண்டு கட்டையும் மூடினாள். தழை ஒரு மணி நேரத்தில் நிமிர்ந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மத்தியானத் தீனிக்கு அந்த இரண்டு கட்டும் வாசல் பக்கத்து வரிசையில் கீழ்த்தட்டுக்கும் நடுத்தட்டுக்கும் போயின.

நான்கு மணிக்குச் சாக்கு நனைக்க உள்ளே போன தீர்த்தகிரி கூப்பிட்டான்.

"ஏம்மே. இங்க வா."

கீழ்த்தட்டில் புழுக்கள் தின்னவில்லை. தலையைத் தூக்கிக்கொண்டு இப்படியும் அப்படியும் ஆட்டின. வாயில் பச்சையாக நீர் கக்கியிருந்தது. சில, உடம்பு சுருங்கி விரல்கணு அளவுக்குக் குறுகிக் கிடந்தன. நடுத்தட்டிலும் அப்படியே. மற்ற நான்கு தட்டுகளில் வழக்கம்போலத் தின்றன.

"மருந்து" என்றான் தீர்த்தகிரி. "இது மருந்து. புகையில்ல. மருந்து அடிச்சுட்டான்."

"யாரு?"

"யாருன்னு கேக்கறியா?"

தை மாதத்திலிருந்து கால் வைக்காத காட்டுக்குள் அவன் செருப்பில்லாமல் ஓடினான். மணிமேகலை அப்படியே நின்றாள். தட்டைப் பார்த்தாள், மூலையில் மடித்து வைத்திருந்த வெள்ளித் துண்டைப் பார்த்தாள். அப்புறம் அவளும் ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது காட்டில் சத்தம் ஏறியிருந்தது.

"எவனாவது பறிக்காத காட்டுக்கு மருந்து அடிப்பானாண்ணா? யோசிச்சுப் பேசு. பழத்தையே வேணாம்னு வுட்டவன் நானு."

"என்னைப் பழி வாங்க அடிப்ப."

"உன்னைப் பழி வாங்கறதுக்கு மருந்து எதுக்கு? ஒரு தீக்குச்சி போதாதா? மூணு நாளா வைக்காம இருக்கறேன் இல்ல?"

"பொம்பளய வச்சு வேலை வாங்கிட்டுப் பேசறான் பாரு!"

"நானா கூப்ட்டேன்?" முனிராஜ் மண்வெட்டியைத் தரையில் போட்டான். "போதும். யாரும் எனக்கு ஒண்ணும் புடுங்க வேணாம். மாதம்மா, வா இப்படி. மீதிக் காட்டுக்கு இப்பவே வைக்கறேன். எந்தப் புழு சாவுதோ சாவட்டும்."

"முனிராசு, நில்லு" என்றாள் மணிமேகலை. மூச்சு வாங்கியது. "நாந்தான்."

"என்ன நாந்தான்?"

"உன் ஷீட்டுல ஒரு துண்டு எடுத்துட்டுப் போயி தழைய மூடி வச்சேன். கழுவிட்டுத்தான் மூடுனேன். அந்தத் தழை போன ரெண்டு தட்டுதான் துடிக்குது. மத்தது நல்லாருக்குது."

மாதம்மா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ அதுமேல கடைசியா எப்ப அடிச்ச?" மணிமேகலையே கேட்டாள்.

"வெல வுழறதுக்கு முன்ன. இருவது நாளாவும்." முனிராஜ் குரல் இறங்கியிருந்தது. "செடியில புழு வுழுந்துடுச்சுன்னு அடிச்சேன் அண்ணி. புழு மருந்து. தண்ணியில போவாது அது. நீங்க கேட்டுருந்தா சொல்லியிருப்பேன்."

"கேக்கத் தோணல."

"மூணு வாட்டி குளிச்ச" என்றான் தீர்த்தகிரி. அவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். "ஒரு நாளைக்கு மூணு வாட்டி குளிச்ச. சோப்புப் போடாம குளிச்ச. அப்புறம் இத எடுத்துட்டு வந்து மூடுன."

"ஆமா."

"ஏம்மே?"

"சாக்கு இல்ல. அது நல்லாருந்துச்சு. தூக்கிப் போட மனசு வரல."

பொழுது சாய்வதற்குள் இரண்டு தட்டையும் தழையோடு வாரி, மல்பெரித் தோட்டத்துக்கு எட்டத்தில் குழி வெட்டிக் கொட்டினார்கள். தீர்த்தகிரி வெட்டினான், அவள் கொட்டினாள். மேலே சுண்ணாம்பைத் தூவினார்கள். புழுக்கள் இன்னும் அசைந்தன. இருபது நாளாகத் தழை தின்று பெருத்தவை. அவள் மண்ணைத் தள்ளியபோது அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வெள்ளித் துண்டையும் சுருட்டி முனிராஜ் காட்டு அடுக்கிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தாள். தட்டுகளைப் பிளீச்சிங் போட்டுக் கழுவி முடித்தபோது அவளுடைய கை விரல்கள் வெந்து வெளுத்திருந்தன.

"நாலு தட்டு இருக்குது" என்றாள்.

"இருக்குது."

"அஞ்சு நாளு இருக்குது."

"நான் ஓசூருக்கே போயிடறேன் மே. இந்தக் கண்றாவிய என்னால பாக்க முடியல."

"போங்க. மீதி ஷீட்ட இழுத்துட்டுப் போங்க."

அவன் திரும்பினான். "என்ன சொன்ன?"

"நாளைக்கிப் பொழுதுக்குள்ள முடிச்சுத் தர்றேன்னு வாக்குக் குடுத்துருக்கறேன். நான் இனிமே அதத் தொட மாட்டேன். ஷீட்ட இழுக்கற கையும் தழையப் போடற கையும் ஒண்ணா இருக்கக் கூடாது. குளிச்சாலும் கூடாது. என் புத்தி மேல எனக்கே நம்பிக்கை இல்ல, தூக்கம் இல்லாத புத்தி. நான் உள்ள, நீங்க அங்க. நீங்க இனிமே புழு வூட்டு வாசலுக்கே வரக் கூடாது. சாக்கையும் நானே நனைச்சுக்கறேன்."

"அவன் காட்டுக்கா?"

"வேற எந்தக் காட்டுக்கு?"

"வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டு வந்துருக்கறேன்."

"பேசுனவருதான் போவணும்."

"போயி என்னன்னு சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். குனிஞ்சா பேச முடியாது. நான் பாத்துட்டேன்."

வியாழக்கிழமை காலையில் தீர்த்தகிரி மண்வெட்டியோடு வரப்பில் வெகுநேரம் நின்றான். முனிராஜும் மாதம்மாவும் ஏற்கெனவே கிழக்குப் பக்கத்துப் பாத்தியில் குனிந்திருந்தார்கள். காட்டில் எங்கும் நெருப்பு வைத்திருக்கவில்லை. மாதம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மாமா வந்துருக்குது" என்று புருஷனிடம் மெதுவாகச் சொன்னாள்.

"கண்ணு தெரியுது எனக்கு" என்றான் முனிராஜ், நிமிராமல்.

தீர்த்தகிரி இறங்கி, தொடாமல் கிடந்த ஒரு பாத்தியின் நுனியைப் பிடித்து இழுத்தான். டர்ரென்று கிழிந்தது.

"இழுக்காத" என்றான் முனிராஜ். "ஓரத்து மண்ணத் தள்ளிட்டு அப்புறம் தூக்கு. கிழிஞ்சா பாய் எடுக்க மாட்டாரு."

"சரி."

"உதறிட்டு சுருட்டு."

"சரிடா."

ஒரு பாத்தி போனது. இரண்டு போனது. அழுகின தக்காளியின் சாறு தீர்த்தகிரியின் முழங்கை வரை வழிந்து காய்ந்து இழுத்தது. வெயில் ஏற ஏற வெள்ளி கண்ணைக் குத்தியது. இதில்தான் மூன்று நாளாக அவள் நின்றிருக்கிறாள் என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர்க் குடத்தை மாதம்மா கொண்டுவந்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். முதலில் யார் எடுப்பது என்று கொஞ்ச நேரம் யாரும் எடுக்கவில்லை. அப்புறம் முனிராஜ் மொண்டு அண்ணனிடம் நீட்டினான்.

"மீதிப் புழு திங்குதா?" என்றான்.

தீர்த்தகிரி செம்பை வாங்கிக்கொண்டு புழு வீட்டுப் பக்கம் பார்த்தான். நனைந்த சாக்குகள் ஜன்னல்களில் கறுப்பாகத் தொங்கின.

"தெரியல. என்னை உள்ள வுட மாட்டேங்கறா."

மாதம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்து, தொண்டையைத் திறந்தாள்.

"அக்காவ்! புழு திங்குதான்னு மாமா கேக்குது!"

மூன்று பேரும் நின்றார்கள். செம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது. ஒரு ஜன்னலில் சாக்கு விலகியது. உள்ளே இருந்த இருட்டில் அவள் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"திங்குது. பேசாம வேலையப் பாருங்க."